ஸிப்பியும் டேவிட்டும்: பிர்கெனாவில் ஒரு காதலும் ஒரு எழுத்தர் மேசையும்

இரண்டாம் உலகப் போரின்போது, தான் பிடித்துவைத்திருந்த போலந்தில் நாஜி ஜெர்மனி நடத்திய ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ் கொலை முகாமில் ஆண் கைதிகளுக்குத் தனிப் பகுதி, பெண் கைதிகளுக்குத் தனிப் பகுதி, இடையில் மின்சாரம் பாயும் வேலி. ஒரு ஆணும் பெண்ணும் தனியாக நின்று பேசுவதை எஸ்.எஸ். (முகாமை நடத்திய நாஜிப் படை) காவலர் பார்த்துவிட்டால் அடி வாங்குவதோடு முடிந்தாலே பெரிய அதிர்ஷ்டம். அப்படிப்பட்ட இடத்தில் ஹெலன் ஸ்பிட்ஸர் என்ற பெண்ணும் (எல்லோரும் ஸிப்பி என்றுதான் கூப்பிட்டார்கள்) டேவிட் விஷ்னியா என்ற இளைஞரும் 1943இல் பழக ஆரம்பித்து, சுமாராக மாதத்துக்கு ஒரு தடவை என்று பல மாதங்கள் ரகசியமாகச் சந்தித்தார்கள். பிடிபடவில்லை. இருவரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அதற்கப்புறம் 72 வருடம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

டேவிட் இதைப் பற்றி 2015இல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பில் ஸிப்பிக்குப் புனைபெயர் கொடுத்து எழுதினார், 2019 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் விரிவாக வெளியிட்டது, உலகம் முழுக்கப் பரவியது. பரவியபோது பெரும்பாலும் "காதல் மரணத்தை வென்றது" என்ற தொனியில்தான் பரவியது. எனக்கு அந்தத் தொனியில் உடன்பாடு இல்லை. ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் ஏறக்குறைய 13 லட்சம் பேர், கொல்லப்பட்டவர்கள் 11 லட்சம் பேர், அதில் சுமார் 10 லட்சம் பேர் யூதர்கள். அந்தப் பத்து லட்சத்தில் கணவனும் மனைவியும், நிச்சயம் ஆனவர்களும், முதல் காதலில் இருந்தவர்களும் எத்தனை பேர்? அவர்களுடைய அன்பு குறைவாக இருந்ததாலா செத்தார்கள்? இந்த ஜோடி பிழைத்ததற்குக் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும், தேடினால் அது ஒரு அலுவலக மேசையில் போய் நிற்கிறது.

ஸிப்பி அந்த மேசைக்கு வந்த வழி

ஸிப்பி 1918இல் ஸ்லோவாக்கியாவின் பிராத்திஸ்லாவாவில் பிறந்தவர். விளம்பர எழுத்து, வரைகலைத் தொழிலை முறையாகப் பயிற்சி எடுத்துக் கற்றவர், அந்த ஊரில் அந்தத் தொழிலுக்குள் பெண்கள் வராத காலம் அது. ஜெர்மன் சரளமாகப் பேசுவார், மாண்டலின் வாசிப்பார். 1942 மார்ச்சில் ஸ்லோவாக்கிய அரசு தன் நாட்டு யூதர்களை ஜெர்மனியிடம் ஒப்படைக்க ஆரம்பித்தபோது முதலில் அனுப்பியது கல்யாணமாகாத இளம்பெண்களைத்தான். அந்த முதல் ரயில்களில் வந்தவர்களில் ஸிப்பியும் ஒருவர். கையில் குத்தப்பட்ட எண் 2286. இவ்வளவு சின்ன எண் என்றால் முகாமின் பெண்கள் பிரிவு தொடங்கிய நாட்களிலேயே வந்தவர் என்று அர்த்தம், அப்படி வந்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் அந்த வருடக் கடைசியைக்கூடப் பார்க்கவில்லை.

அவரும் அந்தப் பெரும்பான்மையில் சேர்ந்திருக்க வேண்டியவர்தான். ஆரம்பத்தில் கட்டடம் இடிக்கும் வேலையில் போட்டார்கள், ஒரு புகைபோக்கி சரிந்து முதுகில் விழுந்தது. டைபஸ், மலேரியா, வயிற்றுப்போக்கு எல்லாம் வந்தது. அங்கே பொதுவான உடல் உழைப்பில் மாட்டியவர்களுக்குச் சில மாதம்தான் ஆயுள், இது எல்லா சாட்சியங்களிலும் திரும்பத் திரும்ப வரும் விஷயம்.

காப்பாற்றியது அவருடைய தொழில். முகாமில் பெண்களுக்குச் சீருடை பற்றாக்குறை ஆனபோது, செத்தவர்களின் சாதாரணத் துணிகளையே கொடுத்துவிட்டு, கைதி என்று தெரிய முதுகில் சிவப்புப் பட்டை அடிக்கச் சொன்னார்கள். அதற்கு நேர்கோடு போடத் தெரிந்தவர், பெயிண்ட் கலக்கத் தெரிந்தவர் வேண்டும். ஸிப்பி சிவப்புப் பொடியை வார்னிஷில் குழைத்து அந்தப் பட்டைகளைத் தீட்டினார். (இந்தச் சிவப்புப் பட்டையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேறு காரணத்துக்காக வரும்.) அங்கிருந்து அலுவலகத்துக்கு ஏறினார். பதிவேடுகளை ஒழுங்கு செய்வது, கைதிகளின் உழைப்பைப் பற்றிய மாதாந்திர வரைபடங்கள் போடுவது, முகாமின் முப்பரிமாண மாதிரி ஒன்றைச் செய்வது என்று வேலை. சுத்தமான இடத்தில் உட்காரலாம், அடிக்கடி குளிக்கலாம், முகாமுக்குள் ஓரளவு சுதந்திரமாக நடமாடலாம். பெண்கள் இசைக்குழுவில் மாண்டலினும் வாசித்தார்.

இதைப் படித்ததும் சிலருக்கு நெருடும், "அப்போ நாஜிகளுக்கு உதவினாரா" என்று. அவர் காப்போவாக இருந்ததில்லை, சக கைதிகளை மேய்க்கும் அதிகாரம் அவர் கையில் இல்லை. தன் மேசையைக் கொண்டு ஆட்களை வேறு வேலைக்கும் வேறு குடிலுக்கும் மாற்றினார், அலுவலகத் தகவல்களைத் தலைமறைவு எதிர்ப்புக் குழுக்களுக்குக் கடத்தினார் என்பதை கொன்ராட் குவீட் போன்ற வரலாற்றாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதே அலுவலகத்தில் பதிவேடுகளுக்குப் பொறுப்பாக இருந்த காத்யா சிங்கர் என்ற இன்னொரு ஸ்லோவாக்கிய யூதப் பெண்ணும் அவரும் சேர்ந்து தினசரி ஆள் எண்ணும் முறையைச் சீர்படுத்தினார்கள். எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்றால் பெண்கள் பனியிலும் மழையிலும் மணிக்கணக்கில் நிற்க வேண்டும், நிற்க முடியாமல் விழுந்தவர்கள் நிறைய. அந்த நேரத்தைக் குறைத்ததே எத்தனையோ பேருக்கு உயிர். கணக்கு ஒழுங்காக வந்ததில் எஸ்.எஸ்.ஸுக்கும் லாபம் உண்டு என்பதும் உண்மை. அங்கே எந்த நல்ல காரியத்தையும் அந்த இயந்திரத்துக்கு வெளியே நின்று செய்ய வழியே இல்லை.

டேவிட்டின் குரல்

டேவிட் 1926இல் போலந்தில் சொஹாசெவ் என்ற ஊரில் பிறந்தவர், வார்சாவில் வளர்ந்தவர், சின்ன வயதிலிருந்தே பாடகர். வார்சா கெட்டோவில் (யூதர்களை அடைத்துவைத்த நகரப் பகுதி) பெற்றோரைப் பறிகொடுத்துவிட்டு, 1942 கடைசியில் ஆஷ்விட்ஸ் வந்தபோது அவருக்கு 16 வயது. முதலில் கிடைத்த வேலை, மின்வேலியில் தாமாகப் போய் விழுந்து உயிரை விட்டவர்களின் உடல்களை எடுப்பது. அதைச் செய்த பையன் எத்தனை நாள் தாங்குவான்?

பையன் பாடுவான் என்ற செய்தி காவலர்களுக்குப் போனது. எஸ்.எஸ்.காரர்களுக்குப் பாட்டுப் பாட வைத்தார்கள். அதன் மூலம் "ஸௌனா" என்று எல்லோரும் கூப்பிட்ட கட்டடத்துக்கு மாற்றல் கிடைத்தது. புதிதாக வருபவர்களின் துணிகளைக் கிருமிநீக்கம் செய்யும் இடம் அது. அங்கே பயன்படுத்திய ரசாயனம் ஸைக்ளோன் பி, பக்கத்துக் கட்டடங்களில் மனிதர்களைக் கொல்லப் பயன்பட்டதும் அதேதான். ஆனால் கூரைக்குக் கீழே வேலை, கதகதப்பு, கூடுதல் உணவுக்கு வழி. முகாம் கணக்கில் இது பெரிய அந்தஸ்து.

இருவரும் சந்தித்துக்கொள்ள முடிந்ததே இந்த இரண்டு வேலைகளால்தான். குழி வெட்டும் கூட்டத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கும் கல் சுமக்கும் ஒரு ஆணுக்கும் சந்திக்க இடமும் கிடையாது, நேரமும் கிடையாது, பசியில் அந்த நினைப்பு வரும் தெம்பும் கிடையாது.

துணிமூட்டைகளுக்கு மேலே

ஸௌனாவில்தான் டேவிட் அவரை முதலில் கவனித்தார். சுத்தமாக, நேர்த்தியாக, கோட்டு போட்டுக்கொண்டு, நல்ல வாசனையோடு ஒரு பெண் கைதி. ஸிப்பியே இன்னொரு கைதியிடம் சொல்லித் தங்களை அறிமுகம் செய்ய வைத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்துவிட்டார்கள், எல்லாம் முன்னேற்பாடு.

அடுத்த சந்திப்புக்கு ஒரு இடம் தயாராக இருந்தது. கொல்லப்பட்டவர்களின் உடல்களை எரித்த நான்காம், ஐந்தாம் எரிகூடங்களுக்கு இடைப்பட்ட ஒரு குடிலில் கைதிகளின் துணிகள் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். அந்த மூட்டைகளையே படிபோல வைத்து ஏறினால், மேலே இரண்டு பேர் மட்டும் இருக்கும் அளவுக்கு ஒரு பொந்து. அதை ஏற்பாடு செய்தவர் ஸிப்பி. கீழே சக கைதிகள் காவலுக்கு நிற்பார்கள், எஸ்.எஸ்.காரன் வந்தால் சைகை கொடுக்க.

அந்தத் துணிகள் யாருடையவை என்று இருவருக்கும் தெரியும். ரயிலை விட்டு இறங்கி சில மணி நேரத்தில் கொல்லப்பட்டவர்களுடையவை. டேவிட்டின் வேலை அவற்றைச் சுத்தம் செய்வது, ஸிப்பியின் வேலை உயிரோடு மிஞ்சியவர்களைக் கணக்கில் ஏற்றுவது. அந்த மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து பாட்டைப் பற்றியும், போன வாழ்க்கையைப் பற்றித் துண்டுதுண்டாகவும் பேசினார்கள். ஸிப்பி அவருக்கு ஒரு ஹங்கேரியப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்.

வயதைச் சொல்லாமல் போக முடியாது. ஸிப்பிக்கு சுமார் 25, டேவிட்டுக்கு சுமார் 17. அனுபவம், தொடர்பு, அதிகாரம் எல்லாம் ஸிப்பியின் பக்கம். இன்றைக்குப் படிக்கும் ஒருவருக்கு இதில் கேள்வி வருவது நியாயம்தான். டேவிட் தொண்ணூறு வயது தாண்டியும் இதைச் சொன்னது, தன்னை அவர் தேர்ந்தெடுத்தார் என்ற பெருமையோடு. குடும்பம் முழுக்கப் போய், எண்ணாக மாறிவிட்ட ஒரு பையனை ஒரு ஆள் பெயர் சொல்லித் தேடி வந்தார் என்பது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவர் பேச்சிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கேள்வியை அதனால் அழிக்கவும் மாட்டேன்.

ஆபத்து எவ்வளவு என்று புரிய அதே முகாமில் நடந்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். மாலா ஸிமெட்பாம், பெல்ஜியத்திலிருந்து கொண்டுவரப்பட்ட யூதப் பெண், பல மொழி தெரிந்தவர், பெண்கள் முகாமில் மொழிபெயர்ப்பாளராகவும் தூது ஓடுபவராகவும் இருந்தவர், ஸிப்பிக்கும் தெரிந்தவர். அவருடைய காதலர் எடெக் காலின்ஸ்கி, யூதர் அல்லாத போலந்து அரசியல் கைதி. 1944 ஜூனில் எடெக் எஸ்.எஸ். சீருடை போட்டுக்கொண்டு, மாலாவை வேலைக்கு அழைத்துப் போகும் கைதி மாதிரி முன்னால் நடக்கவிட்டு, அவர் தலையில் முகம் மறைய ஒரு கழுவுதொட்டியைச் சுமக்க வைத்து, வாசல் வழியாகவே வெளியேறினார்கள். இரண்டு வாரம் வாக்கில் ஸ்லோவாக்கிய எல்லைக்குப் பக்கத்தில் பிடிபட்டார்கள். இருவரையும் திரும்பக் கொண்டுவந்து கொன்றார்கள். கொல்லக் கொண்டுவந்த இடத்தில் மாலா தன் மணிக்கட்டை அறுத்துக்கொண்டு, தடுக்க வந்த எஸ்.எஸ்.காரன் முகத்தில் அறைந்தார் என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஸிப்பிக்கு இருந்த அதே மாதிரியான சலுகை, அதே மாதிரியான துணிச்சல், காதலும் குறைவில்லை. முடிவு மட்டும் வேறு.

வார்சாவில் சந்திப்போம்

1944 அக்டோபர் 7ஆம் தேதி, எரிகூடங்களில் வேலை செய்ய வைக்கப்பட்டிருந்த யூதக் கைதிகள் கிளர்ச்சி செய்து நான்காம் எரிகூடத்துக்குத் தீ வைத்தார்கள். சோவியத் படை நெருங்கிக்கொண்டிருந்தது, நாஜிகள் கைதிகளை மேற்கே அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பிரிவு வரப்போகிறது என்று தெரிந்து இருவரும் ஒரு திட்டம் போட்டார்கள்: போர் முடிந்ததும் வார்சாவில் ஒரு சமுதாயக் கூடத்தில் சந்திப்பது. டிசம்பரில் டேவிட்டை ஜெர்மனியில் இருந்த டாஹாவ் முகாமுக்கு அனுப்பினார்கள்.

அங்கிருந்து நடத்திச் செல்லப்பட்ட ஒரு மரண ஊர்வலத்தில் (கைதிகளை வலுக்கட்டாயமாக நடத்தி, நடக்க முடியாதவர்களைக் கொன்ற நடை) டேவிட் ஒரு மண்வாரியால் காவலரை அடித்துவிட்டு ஓடினார். ஒரு களஞ்சியத்தில் ஒளிந்திருந்தபோது டாங்கிகளின் சத்தம் கேட்டது, சோவியத் படையாக இருக்கும் என்று நினைத்து ஓடிப்போய்ப் பார்த்தால் அமெரிக்கர்கள், 101ஆம் வான்வழிப் படைப்பிரிவு. பையனை அவர்கள் தத்தெடுக்காத குறை. சீருடை கொடுத்தார்கள், மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டார்கள். அந்த நாளிலிருந்து அவருடைய மனம் முழுக்க அமெரிக்கா. வார்சாவுக்குப் போகவே இல்லை. 1946இல் அமெரிக்கா போய் இறங்கினார்.

ஸிப்பி பிர்கெனாவை விட்டுக் கடைசியாகக் கிளப்பப்பட்டவர்களில் ஒருவர். ஜெர்மனியில் பெண்கள் முகாமான ராவன்ஸ்புரூக், அப்புறம் அதன் கிளை முகாமான மால்ஹோவ், அப்புறம் அங்கிருந்தும் ஒரு ஊர்வலம். அந்த ஊர்வலத்தில் அவரும் ஒரு தோழியும் தங்கள் உடையில் இருந்த சிவப்புப் பட்டையை நீக்கிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த ஜெர்மன் பொதுமக்கள் கூட்டத்தில் கலந்து தப்பினார்கள். தன் கையால் தீட்டிய பட்டை, எப்படித் தீட்டப்பட்டது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்!

அதன் பிறகு ஜெர்மனியில் ஃபெல்டாஃபிங் அகதி முகாம். அங்கே காவல் பொறுப்பில் இருந்த எர்வின் டிஷாவரை மணந்துகொண்டார். கணவரின் வேலையோடு தென் அமெரிக்கா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா என்று சுற்றி, 1967இல் நியூயார்க்கில் நிலைத்தார். பிள்ளைகள் இல்லை. டேவிட் பென்சில்வேனியாவில் லெவிட்டவுனில் குடும்பம் நடத்தினார், யூத ஜெபக்கூடங்களில் வழிபாட்டுப் பாடல்களை முன்நின்று பாடும் கேன்டராகப் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தார். நடுவில் ஒரு தடவை மன்ஹாட்டனில் ஒரு ஹோட்டலில் சந்திக்க ஏற்பாடாகி, டேவிட் போய்க் காத்திருந்தார், ஸிப்பி வரவில்லை. கணவர் இருக்கும்போது அது சரியில்லை என்று நினைத்தாராம்.

2016 ஆகஸ்ட்

டேவிட்டின் மகன் முயற்சி எடுத்துத்தான் தொடர்பு மீண்டும் உண்டானது. 2016 ஆகஸ்டில் டேவிட் தன் பேரப்பிள்ளைகள் இருவரோடு மன்ஹாட்டனில் ஸிப்பியின் வீட்டுக்குப் போனார். கணவர் 1996இலேயே போய்விட்டார், ஸிப்பி சுற்றிலும் புத்தக அலமாரிகள் இருக்கும் அறையில் படுக்கையில், கண்ணும் காதும் ஏறக்குறையப் போன நிலை. முதலில் அடையாளம் தெரியவில்லை. டேவிட் கிட்டே குனிந்ததும் தெரிந்துவிட்டது.

பேரப்பிள்ளைகள் முன்னாலேயே ஸிப்பி கேட்ட கேள்வி, "நாம என்ன செய்தோம்னு உன் மனைவிகிட்ட சொல்லிட்டியா?" டேவிட்டுக்கு வெட்கமும் சிரிப்பும். அதற்குப் பிறகு, நீண்ட நாளாகக் கேட்க நினைத்ததை டேவிட் கேட்டார்: ஆஷ்விட்ஸில் நான் பிழைத்ததில் உன் கை இருந்ததா? ஸிப்பி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். ஐந்து தடவை, மோசமான இடத்துக்குப் போகும் பட்டியல்களிலிருந்து அவரைக் காப்பாற்றியதாகச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார், வார்சாவில் நான் உனக்காகக் காத்திருந்தேன், நீதான் வரவில்லை. கிளம்பும் முன் டேவிட் அந்த ஹங்கேரியப் பாட்டைப் பாடினார், வார்த்தைகள் மறக்கவில்லை என்று காட்ட.

இதில் எதை எப்படி எடுத்துக்கொள்வது

அந்த ஐந்து தடவைக்கு ஆதாரம் ஸிப்பியின் வாய்ச்சொல் ஒன்றுதான். நம்பலாமா? நான் நம்புகிறேன். ஆனால் ஸிப்பி உட்கார்ந்திருந்தது பெண்கள் முகாம் அலுவலகத்தில், ஆண்களின் பட்டியல்கள் வேறு எழுத்தர்கள் கையில் இருந்தவை. அதனால் அவர் தானே ஒரு பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினார் என்று கற்பனை செய்வதைவிட, யாரிடமோ சொல்லி, அவர் வேறு யாரிடமோ சொல்லி நடந்தது என்று வைப்பதுதான் பொருந்துகிறது. முகாமின் எழுத்தர்கள் ஒருவருக்கொருவர் இப்படி உதவியது பல சாட்சியங்களில் இருக்கிறது, அப்படிக் கேட்டு வாங்கும் இடத்தில் ஸிப்பி இருந்தார். காதல் இங்கே செய்த வேலை அவ்வளவுதான், அவ்வளவு பெரியதுதான்: எத்தனையோ பேருக்காகப் பயன்படுத்த முடிந்த ஒரு செல்வாக்கை, ஐந்து தடவை இந்தப் பையனுக்காகத் திருப்பியது.

இதற்குப் பின்னால் சங்கடமான விஷயம் ஒன்றும் இருக்கிறது. ஒரு ரயிலுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை கேட்பார்கள், எண்ணிக்கை குறையக் கூடாது. சில முகாம்களில் எழுத்தர்கள் செத்துப்போனவர்களின் எண்ணை உயிரோடு இருப்பவரின் எண்ணுக்குப் பதிலாக எழுதி ஈடுகட்டியிருக்கிறார்கள். அந்த வாய்ப்பு இல்லாத நாளில் இன்னொரு உயிருள்ள ஆள் போக வேண்டியதுதான். டேவிட் விஷயத்தில் எது நடந்தது என்று எந்தப் பதிவும் காட்டாது. இதைச் சொல்வது ஸிப்பியைக் குற்றம் சாட்ட இல்லை, அந்த எண்ணிக்கையைக் கேட்டவர்கள் எஸ்.எஸ்., கொன்றவர்களும் அவர்களே. ஆனால் இந்தக் கணக்கை மறைத்துவிட்டுக் காதல் கதையை மட்டும் சொன்னால், அவர் அந்த மேசையில் தினமும் எதைச் சுமந்தார் என்பதே தெரியாமல் போகும்.

வார்சா விஷயமும் அப்படித்தான். ஸிப்பி விடுதலைக்குப் பிறகு சொந்த ஊரான பிராத்திஸ்லாவாவுக்குப் போனதைப் பற்றி வேறு இடங்களில் பேசியிருக்கிறார், வார்சாவில் காத்திருந்ததை டேவிட்டிடம்தான் சொன்னார். இரண்டும் ஒன்றையொன்று அடிக்கவில்லை, அந்த மாதங்களில் மக்கள் ஐரோப்பாவில் குறுக்கும் நெடுக்குமாக அலைந்தார்கள்.

எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமாகப் படுவது ஸிப்பியின் மௌனம். அவர் சாதாரண சாட்சி இல்லை. 1946 செப்டம்பரிலேயே, டேவிட் போடர் என்ற உளவியலாளர் சிக்காகோவிலிருந்து கம்பி ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து அகதி முகாம்களில் பேட்டி எடுத்தபோது, ஃபெல்டாஃபிங்கில் அவரிடம் பேசியவர் ஸிப்பி. அதன் பிறகு பல பத்தாண்டுகள் வரலாற்றாளர்களுக்கு மணிக்கணக்கில் விவரம் கொடுத்தார், 2009இல் அவருடைய சாட்சியத்தை மட்டுமே ஆராய்ந்து ஐந்து வரலாற்றாளர்கள் ஒரு நூலே எழுதினார்கள். பட்டை எப்படித் தீட்டினோம், பதிவேடு எப்படி வைத்தோம், எந்த நாளில் எந்த உத்தரவு வந்தது என்று அவ்வளவு துல்லியம். டேவிட் விஷ்னியாவின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை.

கல்யாணமான பெண் பழைய காதலைச் சொல்லாமல் விட்டார் என்று எளிதாக முடித்துவிடலாம், கணவர் இறந்து இருபது வருடம் ஆன பிறகும் சொல்லவில்லை என்பதால் அது போதாது. என் கருத்து இது. முகாமிலிருந்து பிழைத்து வந்த பெண்களைப் பார்த்து "எதைக் கொடுத்து உயிரை வாங்கினாய்" என்ற சந்தேகம் போருக்குப் பிறகு பல வருடம் சுற்றியது, அலுவலக வேலை பார்த்தவர்கள் மேல் இரட்டிப்பாக. தன் சாட்சியம் முகாமின் இயக்கத்தைப் பற்றிய ஆவணமாக நிற்க வேண்டும் என்று நினைத்த ஒருவர், கேட்பவரின் கவனத்தை அந்தத் துணிமூட்டைகளின் பக்கம் திருப்பிவிட விரும்பியிருக்க மாட்டார். ஒரு தடவை சொன்னால் அப்புறம் எல்லோரும் அதை மட்டும்தான் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் 2018இலும் டேவிட் 2021இலும் இறந்தார்கள். இன்று இணையத்தில் அவர் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது இந்தக் காதல்தான், 1946இல் ஃபெல்டாஃபிங்கில் பதிவான அந்தப் பேட்டியைத் தேடிப் போய்க் கேட்பவர்கள் குறைவு.